மூச்சு முட்டிய வாழைத்தார்கள் விஷயமாக அத்தானுக்கு

தூத்துக்குடி,
1949, பிப்ரவரி.

கொழும்பு மாநகரில் வியாபாரமும் செல்வாக்கும் சரீரமும் ஒருசேரப் பெருத்து விளங்கும் மகா கனம் பொருந்திய அத்தான் தேவபிரசாதம் அவர்களுக்கு, மைத்துனன் அற்புதமணி தலையைக் குனிந்துகொண்டு எழுதியது. கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே நானும் என்னைக் கட்டிக்கொண்ட ஹில்டாவும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் மகள் கிருபாபாயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அனுப்பிய வாழைப்பழத்தைத் தங்கள் வீட்டில் யாரும் தின்றிருக்க முடியாது என்பதால் அந்த நம்பிக்கை சற்று உறுதியாகவே இருக்கிறது.

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நான் படிப்பதற்குள் ஹில்டா வாங்கிச் சத்தமாகப் படித்தாள். அடுத்த வீட்டாருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் படித்தாள். சபை அசன விருந்துக்கு ஊர் வாழைப்பழம் வரவழைத்துத் தருகிறேன் என்று தாங்கள் கோயில் கமிட்டியில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்ததும், வந்த காய் நாள் கணக்கில் பழுக்காமல் பச்சைக் கல்லாய்க் கிடந்ததும், பந்தியில் குருவானவர் ஒன்றை உரித்தபோது நடுத்தண்டு கறுத்துப்போய் உள்ளிருந்து கள்ளுக்கடை வாடை வந்ததும், அன்று காலையில்தான் அவர் மதுபானத்துக்கு எதிராகப் பிரசங்கம் பண்ணியிருந்ததும், பழத்தை முகர்ந்த மூக்கோடு திரும்பித் தங்களையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்ததும் படித்து நான் பட்ட துக்கம் கொஞ்சமல்ல. சிரித்தது ஹில்டாதான். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் அது துக்கம் தாளாமல் வந்த சிரிப்பு.

ஆனால் கடைசி வரிக்கு ஹில்டாவும் சிரிக்கவில்லை. "ஓர் அறை வாழைக்காயைக் காபந்து பண்ணத் தெரியாத பயலுக்கா என் மகளைக் காபந்து பண்ணக் கொடுப்பேன்? ஜீவமணி சம்பந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது" என்று எழுதியிருந்தீர்கள். அத்தான், அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பழம் போனால் போகட்டும், ஏரல் தோட்டங்களில் வாழை இன்னும் குலை தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. ஜீவமணி போன்ற பையன் குலை தள்ளிக் கிடைக்கமாட்டான்.

அவன் நம் நாசரேத் ஊர்ப் பிள்ளை. யுத்தத்தில் கப்பற்படையில் சேர்ந்து, இறைச்சி ஏற்றிப் போகும் கப்பல்களில் குளிர் எந்திரம் பார்த்தவன். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப் போட்ட குளிர் அறை ஒன்றை இங்கே ஒரு முதலாளி வாங்கித் தம் மோட்டார் தோணியில் பொருத்தினார். அதைக் கட்டி மேய்க்க ஜீவமணியை வைத்தார். போன கிறிஸ்மசுக்குக் கிருபாபாய் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவனும் ஏதோ வேலையாக வந்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுதான் நானும் ஹில்டாவும் தங்களுக்குச் சம்பந்தம் பேசி எழுதினோம். தாங்களும், "அடுத்த நடைக்குத் தோணியோடு வரட்டும், நேரில் பார்க்கிறேன்" என்று பதில் போட்டீர்கள். அந்த நடைக்குத்தான் என் வாழைத்தாரும் ஏறியது. விதி என்று சொல்லக் கூடாது, நாம் வேதக்காரர்கள். ஆகவே என் புத்தி என்று சொல்கிறேன்.

தார்களை ஏற்றும்போது ஜீவமணி எனக்கு ஒரு பிரசங்கம் பண்ணினான். வெட்டிய பிறகும் வாழைக்காய் மூச்சு விடுமாம். நம்மைப் போலவே கரியமில வாயுவை வெளியே விடுமாம். அடைத்த அறையில் அந்த வாயு கொஞ்சமாய் நின்றால் நல்லதாம், காய் அவசரப்படாமல் இருக்கும். அளவு மிஞ்சினால் காய்க்கே மூச்சு முட்டி, பழுக்கவும் செய்யாமல் உள்ளுக்குள் புளித்துப்போகுமாம். அதனால் அறையின் மேலே இரண்டு காற்றுக் குழாயும் அவற்றுக்கு இரும்பு மூடியும் உண்டு. மூடியைத் திறப்பதும் அடைப்பதும்தான் வித்தை. எப்போது திறப்பது என்று அறிய ஒரு சீசாவில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் வைத்திருந்தான். அறைக் காற்றை ரப்பர் குழாயால் அதற்குள் ஊதினால் தண்ணீர் பாலாய் வெளுக்கும். சட்டென்று வெளுத்தால் வாயு அதிகம், மூடியைத் திற என்று அர்த்தம். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு வாழைக்காய்க்குச் சோசியம் சொல்லுகிற காலம் வந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏலே, எங்க அப்பா காலத்துல இருந்து நாங்க வாழைத்தார மூட்டம் போடுதோம். குழியில அடுக்கி, புகையப் போட்டு, சருகும் களிமண்ணும் வச்சு ஊசி நுழையாம அடைப்போம். நடுவுல தெறந்து பாத்தவன் உருப்பட்டதா சரித்திரமே கெடையாது. நீ என்னடான்னா மூடியத் தெறங்கிய" என்றேன்.

"அண்ணாச்சி, மூட்டம் பழுக்க வைக்கதுக்கு. இது பழுக்காம வைக்கதுக்கு."

"சங்கு குளிக்கவன், முத்துக் குளிக்கவன் எல்லாம் மூச்ச அடக்கிட்டு கடலுக்குள்ள போயிட்டு வாரான். வாழைக்காய்க்கு மட்டும் என்ன கேடு?"

"அவன் மேல வாராம்லா அண்ணாச்சி! உங்க வாழைக்காய் எங்க மேல வரும்?"

பக்கத்தில் நின்ற கஸ்பார் தண்டல், அவர்தான் அந்தத் தோணியை ஓட்டுகிறவர், பீடி விழச் சிரித்தார். கூலியாட்களும் சிரித்தார்கள். மெட்ரிக்குலேசனில் மூன்று தடவை தவறியபோதுகூட இத்தனை பேர் கூடிச் சிரிக்கவில்லை. அந்த ரோசத்தில்தான் அத்தான், அவர்கள் சாப்பிடப் போயிருந்த சமயம் நான் மேலே ஏறி, இரண்டு குழாய்களுக்குள்ளும் ஈரச்சாக்கைச் சுருட்டித் திணித்து, வாழைச்சருகு வைத்து, களிமண் பூசி, எங்கள் அப்பாவே எழுந்து வந்து பார்த்தாலும் மெச்சும்படியாக அடைத்தேன். வெளியே மூடி திறந்தபடி இருக்கும், உள்ளே காற்றுப் போகாது. பழம் பொன்னாய்ப் போய் இறங்கியதும் "யார் செஞ்ச வேல தெரியுமா?" என்று மீசையை முறுக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு மீசை சரியாக வளராது என்பது வேறு விஷயம்.

பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். கடலில் தோணி எந்திரம் மக்கர் பண்ணி, கொழும்பு வாசலில் துறைமுக உத்தரவுக்காக நங்கூரம் போட்டுப் பல நாள் கிடந்து, கடைசியில் அறையைத் திறந்தார்கள். தங்கள் தந்தியைக் கண்டதும் நேரே தபாலாபீசுக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தில் நான் தங்களுக்கு அடித்த பதில் தந்தியை நினைத்தால் இப்போதும் சோறு இறங்கவில்லை. "பையன் அஜாக்கிரதை" என்று அடித்தேன். தோணி முதலாளியிடமும் அதையே சொன்னேன். அவர் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

திரும்பி வந்தவன் நேரே என் கடைக்குத்தான் வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, "என் தப்புத்தான் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். அத்தான், பிறத்தியான் பழியைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையை நான் வேதத்தில்தான் வாசித்திருக்கிறேன். அன்று சாப்பாட்டில் உட்கார்ந்து ஹில்டாவிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல ஒங்க வாய்க்குல்லா சாக்கு வச்சு அடைச்சிருக்கணும். அந்தப் புள்ள ரெண்டும் என்ன பாவம் செஞ்சிச்சு? அக்கா மகளுக்கு மாப்பிள்ள பாத்த லெச்சணமா இது? உள்ளத எழுதிப் போட்டுட்டுப் பெறகு சோத்துல கைய வையும்."

எழுதிவிட்டேன். பழத்தைக் கெடுத்தவன் நான். தங்கள் மானத்தைக் கெடுத்தவன் நான். தந்தியில் பொய் சொன்னவனும் நானே. ஜீவமணி அப்பழுக்கில்லாதவன். கடமையில் கண்ணானவன். உறக்கத்திலும் மூடியை மறக்கமாட்டான். இந்தக் கிழட்டு வாழைக்காய் வியாபாரியின் மேலுள்ள கோபத்தை அந்தப் பிள்ளைகள் மேல் காட்டாமல், கிருபாபாயை அவனுக்கே கொடுக்கும்படி தங்கள் இரண்டு கையையும் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லி அவனுக்கு வேலையைத் திரும்ப வாங்கித்தருவது என் பொறுப்பு.

அக்காவுக்கு என் அன்பும், கிருபாபாய்க்கு ஹில்டாவின் முத்தங்களும், குருவானவருக்கு என் மன்னிப்பு விண்ணப்பமும் உரித்தாகுக. கர்த்தர் தங்கள் கல்லாவையும் பொறுமையையும் நிறைத்து வைப்பாராக.

தாங்கள் விலக்கி வைத்தாலும் விலகத் தெரியாத மைத்துனன்,
அற்புதமணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஜீவமணியைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டினேன். பயல் உருகிப்போவான் என்று எண்ணி ஹில்டாவைக் காப்பி போடவும் சொல்லியிருந்தேன். காது சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தவன், "அண்ணாச்சி, அந்தச் சாக்க நான் தொறைய விட்டு நகந்ததுமே உருவிக் கடல்ல போட்டுட்டேன். சருகும் களிமண்ணும் பாத்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சிபோச்சு" என்றான். "பெறகு எப்படிலே மூச்சு முட்டிச்சு?" என்றேன். அலை தெறித்து உப்புத் தண்ணீர் உள்ளே விழுந்ததாம். இவனே இரண்டு மூடியையும் இறுக்கினானாம். பிறகு திறக்க மறந்துபோனானாம். சுண்ணாம்புத் தண்ணீரையும் எட்டிப் பார்க்கவில்லையாம். "நங்கூரம் போட்டுக் கெடந்த நாளெல்லாம் அப்படி என்னலே வெட்டி முறிச்ச?" என்று கேட்டதற்கு, "உங்க அத்தான்கிட்ட எப்படிப் பொண்ணு கேக்கதுன்னு பேசிப் பழகிக்கிட்டிருந்தேன்" என்கிறான். கஸ்பார் தண்டல்தான் தாங்களாக நடித்தாராம். மனுசன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து, எத்தனை தடவை கேட்டாலும் பெண் இல்லை என்றே சொல்லிவிட்டாராம். அதனால்தான் நாள்கணக்கில் இழுத்துவிட்டது.

ஆக, நான் பொய் என்று நினைத்து அடித்த தந்தி மெய்யாகிவிட்டது. பொய் சொன்ன பாவம் மட்டும் என்னிடம் நிற்கிறது. கடிதம் நன்றாக இருக்கிறது, அப்படியே அனுப்பிவிடுங்கள், இதைமட்டும் அவரிடம் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினான். நானும் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்குப்படி கடிதத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன், "அவ்வளவு பழகினியே, அத்தான்கிட்ட பேசினியா?" என்று. தோணி பிந்தி வந்ததற்குத் தாங்கள் போட்ட சத்தத்தில் "தோத்திரம் ஐயா" என்பதற்கு மேல் வாய் வரவில்லையாம். ஓர் அறை வாழைத்தாரைப் பலி கொடுத்துப் பழகிய பேச்சு, அத்தான், இன்னும் அவன் தொண்டையிலேயே கிடக்கிறது. அதை ஒரு தடவை கேட்டுவிட்டாவது பெண் இல்லை என்று சொல்லுங்கள்.