அத்தை கடித்த வடை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாப்பிட்டு எழுந்தவரின் இலை கிடந்தால் என் கை சும்மா இருக்காது. ஐந்து பெண்கள் பிறந்த வீட்டில் நான் கடைக்குட்டி; இலை எடுக்கிற வேலை எனக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இன்றைக்கும் கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் பக்கத்து இலையையும் சேர்த்து மடித்துவிடுவேன். (ஒருமுறை பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கவில்லை, ரசம் கேட்கத்தான் திரும்பியிருந்தார். அதை விடுங்கள்.) இந்தக் கையால் ஒரு சினிமாவையே மாட்டுக்குப் போட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். என் கணவர் வேலை பார்த்த, எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் வீட்டிலிருந்தே கேரியர் சாப்பாடு போட ஆரம்பித்திருந்தேன். அப்போது பிரான்சிலிருந்து ஒரு சினிமாக் குழு பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் படம் எடுக்க வந்தது. நாற்பது பேருக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்றார்கள். "ஒரு நாள் பாக்கறோம். புடிச்சிருந்தா மிச்சம் இருக்கிற இருபது நாளும் நீங்கதான்" என்றார் மேனேஜர். அந்த இருபது நாள்தான் அன்றைக்கு எங்கள் குடும்பத்துக்கு எல்லாமே.

என் மாமியாரிடம் சொன்னேன். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அத்தை ஒன்பது வருஷம் பிரான்சில், தூலோன் நகரத்தில் குடியிருந்தவர். பிரெஞ்சை ஆசையாகப் பேசுவார், தமிழை அதட்டிப் பேசுவார்.

"நாப்பது பேருக்கா? நாலு பேருக்கே நீ உப்பு போட மறக்குற" என்றார்.

மறுநாள் விடிந்ததும் நான் அண்டா குண்டாவுடன் வாசலுக்கு வந்தால், வேனின் முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருக்கிறார். "பாஷை தெரியாத எடத்துல நீ என்னா பண்ணுவ? ஏறு" என்றார். வழியில் தவளக்குப்பத்தில் வேனை நிறுத்தி நான் வாங்கிய வாழை இலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு கட்டு பொறுக்கி வாங்கினதும் அவர்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது தவக்காலம். அத்தைக்கு உலகத்திலேயே பிடித்த பண்டம் உளுந்து வடை. அதனாலேயே வருஷா வருஷம் ஈஸ்டர் வரைக்கும் வடையைத் தொடமாட்டார். அன்றைக்கு அந்த கிராமத்து வீட்டின் பின்கட்டில், பங்குனி வெயிலில், மாமரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருக்க, நூற்றைம்பது வடையைத் தட்டி எடுத்தவர் அவர்தான். "மோந்து பாக்கறதுல ஒன்னும் பாவம் கெடையாது" என்று நடு நடுவே எனக்கு விளக்கம் வேறு.

வீட்டின் கூடத்தில் ஷூட்டிங். ரொம்ப வருஷம் கழித்து மகள் வீட்டுக்கு வரும் அப்பா, அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட முடியாமல் பாதியில் எழுந்து போகிறார். அதுதான் காட்சி. அப்பாவாக நடித்தவர் சென்னையிலிருந்து வந்த பெரியவர். அந்த இலைச் சாப்பாடும் என் கைச் சமையல்தான். உதவி இயக்குநராக இருந்த அன்பு என்கிற தம்பி காலையிலேயே எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பாதியைத்தான் கேட்டேன்.

மத்தியானம் பெரியவர் தன் பங்கை நடித்து முடித்துச் சென்னைக்குக் கார் ஏறிவிட்டார். குழு முழுக்க மாமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் வாங்கிய வஞ்சிர மீனை வெள்ளைக்காரர்கள் முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டதைப் பார்த்து மேனேஜர் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். இருபது நாளும் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், உள்ளே தண்ணீர்க் குடம் எடுக்கப் போனேன்.

கூடத்தில் யாரும் இல்லை. நடுவில் ஒரு எச்சில் இலை. பிசைந்த சோறு காய்ந்து கிடந்தது. அப்பளம் நொறுங்கிக் கிடந்தது. கடித்த வடை ஒன்று. ஓரமாக எறும்பு வேறு வர ஆரம்பித்திருந்தது. 'எவ்வளவு பெரிய நடிகர், இலையை மடிக்கக்கூடத் தெரியவில்லையே' என்று அவருக்காக நானே வெட்கப்பட்டேன். மடித்து எடுத்தேன். கொல்லையில் கட்டியிருந்த மாடு இரண்டே வாயில் முடித்தது. அதோடு விட்டேனா? தரையைத் துடைத்தேன். புது இலை போட்டேன். சுடச்சுடச் சோறு, சாம்பார், கூட்டு, பாயசம், இரண்டு வடை. (ஒன்று போதாதா? போதாது. எனக்கு அப்போது அவ்வளவு நல்ல மனசு.)

முதலில் உள்ளே வந்தது அன்பு.

"அக்கா, இங்க இருந்த எலை எங்க?"

"சாப்ட்டு எழுந்துட்டாரே தம்பி. எடுத்துட்டேன்."

"எங்க போட்டீங்க?"

"மாட்டுக்கு."

அன்பு அப்படியே சுவரில் சாய்ந்தான். "அந்த எலைதான்க்கா அடுத்த ஷாட்டு. ஜன்னல் வெயில் எலை மேல விழறதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்."

எல்லாரும் 'மதாம்' என்று கூப்பிடும் பிரெஞ்சு இயக்குநரம்மா வந்தார், பார்த்தார், தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். "என்னா சொல்றாங்க அத்த?" என்று கிசுகிசுத்தேன்.

"அத நான் திருப்பிச் சொன்னா, நாளைக்குக் கோயில்ல சாமியார்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். நீ வாய மூடு" என்றார் அத்தை. அவர் முகமும் வெளுத்திருந்தது.

பழைய இலையை போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். கேமராவைப் பார்த்துப் பார்த்து நானே சோற்றைப் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கி, எச்சில் இலை தயார் செய்தேன். எல்லாம் சரியாக வந்தது, வடையைத் தவிர. பெரியவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அவர் கடித்த வடையின் நடுவில் ஒரு கோடு மேடாக நின்றிருந்தது. முந்தைய ஷாட்டில் அது பளிச்சென்று பதிவாகியிருந்தது. அன்பு கடித்தான், பள்ளம் பெரிதாகிவிட்டது. நான் கடித்தேன், கத்தியால் வெட்டிய மாதிரி இருந்தது. வேன் டிரைவர் ஒரு வடையை முழுசாகவே தின்றுவிட்டார். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"தள்ளு" என்றது ஒரு குரல்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைக் கிட்டத்தில் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கும் முன்பல்லில் அதே இடைவெளி. அத்தனை வருஷமாக அந்த இடைவெளி வழியாகத்தான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம் அத்த, தவக்காலம்" என்றேன்.

"கடிக்கத்தான போறேன். முழுங்கப் போறதில்ல. சாமிக்கு வித்தியாசம் தெரியும்."

முதல் வடையில் கோடு கோணலாக விழுந்தது. கடித்ததைத் துப்பினார். இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது வடையில் கோடு அச்சு அசலாக நின்றது. மதாம் துள்ளி எழுந்து, அத்தையின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். வெயில் இலையைத் தொட்டது, கேமரா ஓடியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அத்தையின் தொண்டை மட்டும் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். (ஐந்தாவதை அவர் துப்பவில்லை.) எனக்காக முழுங்கினாரா, வடைக்காக முழுங்கினாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இருபது நாளும் நாங்கள்தான் சமைத்தோம். கூடத்து வாசலில் அன்பு எனக்கு மட்டும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் இலைப் பக்கம் குனிந்தால் போதும், சின்னப் பிள்ளைகள்கூட "இன்னும் கட் சொல்லல!" என்று கத்துகிறார்கள்.

படத்தின் டிவிடியை மதாம் அனுப்பி வைத்தார். அந்த இலை நாலு நொடி வருகிறது. யார் வீட்டுக்கு வந்தாலும் அத்தை அங்கே நிறுத்திக் காட்டுவார். போன வருஷம் அவருக்கு மேல்வரிசைப் பல் எல்லாம் எடுத்துவிட்டு செட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவருக்கு நான் வடைதான் சுட்டுக் கொடுத்தேன். ஒரு கடி கடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு இல்லை.

"பரவால்ல, உடு. பல்லு நல்லா இருந்தப்பவே நீ படம் புடிக்க வெச்சிட்ட" என்றார்.