பூச்சி விழுந்த கோவா

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. பதுளை டவுனுக்குப் போய் ஒரு கோவா, அதாங்க முட்டைக்கோஸ், வாங்கிட்டு வரணும்.

வீட்டுக்காரி அஞ்சு மாசம். கிளினிக்ல மிட்வைப் மிஸ், மரக்கறிக்கு அடிக்கிற மருந்தப் பத்திப் பேசியிருக்காங்க. இன்னைக்கு அடிச்சு நாளைக்கே சந்தைக்கு ஏத்துறாங்களாம். வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம். அதுல இருந்து இவ போஞ்சிக்காயப் பாத்தாலே பாம்பப் பாத்த மாதிரி ஒதுங்குறா.

ரெண்டு நாள் வெறும் பருப்பு. மூணாம் நாள் நான் மூளையப் பாவிச்சேன்.

"பூச்சி திங்கிற கோவாவுல மருந்து இருக்காது. இருந்தா பூச்சி செத்திருக்கும்ல? பூச்சி உள்ளதாப் பாத்து வாங்கிட்டு வாறேன்."

தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவன்ங்க நான். திமிரு இருக்கும்ல?

வழக்கமா மரக்கறி வாங்குற முஸ்லிம் அண்ணன், நானான்னுதான் கூப்பிடுவேன், அவர் கடைக்குப் போனேன். கோவா எல்லாம் பளபளன்னு அடுக்கியிருந்தார்.

"நானா, பூச்சி விழுந்தது இருக்கா?"

அவர் முகம் மாறிருச்சு.

"என்ன மாஸ்டர், வெள்ளனத்தோடயே ஏச வந்தீங்களா? என்ட கடையில ஒரு பூச்சி காட்டுங்க பாப்பம்!"

"ஐயோ நானா, எனக்குப் பூச்சிதான் வேணும்!"

பக்கத்துல தக்காளி பொறுக்கிக்கிட்டிருந்த அம்மா ரெண்டடி தள்ளி நின்னாங்க.

நானா பின்பக்கம் போய், மாட்டுக்கு ஒதுக்கி வச்ச கூடையில இருந்து ஒன்னத் தூக்கிட்டு வந்தார். எலை பூரா ஓட்டை!

"இதுவா?"

"இதேதான்!"

"சும்மா கொண்டு போங்க. என்ட கடையில எடுத்ததுன்னு மட்டும் ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதீங்க."

லுணுகலை பஸ்ல ஏறி, கோவாவ மடியில வச்சுக்கிட்டேன். பசறை தாண்டினதும் பையில இருந்து ஒரு பச்சைப் புழு எட்டிப் பாத்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. உயிரோட இருக்கே!

ரெண்டாவது புழு எட்டிப் பாக்கல. நேரா முன் சீட்டு அக்காவோட சடையில ஏறிருச்சு.

நைசா எடுத்துரலாம்னு கைய நீட்டினேன். அக்கா படக்குன்னு திரும்பிட்டாங்க.

"என்ன செய்றீங்க?"

"புழுங்க..."

"யாரைப் புழுன்னு சொல்றீங்க?"

அப்புறம் அவங்களே அதைப் பாத்தாங்க. போட்ட சத்தத்துல டிரைவர் பிரேக்கப் போட்டார். கண்டக்டர் ஓடி வந்தார்.

நான் எழும்பி நின்னு, வகுப்பு எடுக்கிற மாதிரியே சொன்னேன். "பயப்படாதீங்க! இதுதான் மருந்தடிக்காத கோவாவுக்கு அத்தாட்சி!"

"அத்தாட்சியத் தூக்கிட்டு நீங்களும் எறங்குங்க"ன்னார் கண்டக்டர்.

மிச்ச ரெண்டு மைலும் மேட்டுல நடை.

வீட்டுக்கு வந்து கோவாவ வெட்டுற பலகையில வச்சேன். இவ ஒரு எலையத்தான் உரிச்சா. உள்ள இருந்த புழு கையில விழுந்துருச்சு.

"ஐயோ! ஏங்க, அடிங்க! அடிங்க!"

கையில அகப்பட்டதத் தூக்கி அடிச்சேன். புழுவுக்கும் அடிச்சேன், கோவாவுக்கும் அடிச்சேன். விடாம அடிச்சேன்.

"ஏங்க... எதால அடிச்சீங்க?"

குனிஞ்சு பாத்தேன். கரப்பானுக்கு அடிக்கிற ஸ்பிரே டின்.

இவ சேலையால மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினா. "மரக்கறித் தோட்டம் செய்றவன் கூட ஒரு கோவாவுக்கு இம்புட்டு மருந்து அடிச்சிருக்க மாட்டான்!"

நானும் பின்னாலயே ஓடினேன்ங்க. தலை சுத்துதா, வயித்துல ஏதும் செய்யுதான்னு பத்துத் தடவை கேட்டேன். மிட்வைப் மிஸ்ஸுக்குப் போன் போட்டு நடந்ததெல்லாம் சொன்னேன்.

"நல்ல காத்துல உக்கார வைங்க மாஸ்டர். தலை சுத்தினா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வெளி எலைய எடுத்துட்டு ஓடுற தண்ணியில நல்லாக் கழுவுங்கன்னுதானே சொன்னேன்? பூச்சிய யாரு தேடச் சொன்னா?"

நான் இவளத் திரும்பிப் பாத்தேன். முற்றத்துல உக்காந்து, வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கா. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

கோவாவக் குழி தோண்டிப் புதைச்சோம். பொழுது சாய ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். சம்பல்ல போட்ட மிளகாய்த்தூள்ல என்ன கலந்திருக்குன்னு ரெண்டு பேருமே கேட்டுக்கல.