சாகாத நடிகருக்கு வெள்ளைக்கொடி

அந்த நடிகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை கொன்றது போதும்.

கண்டியில் எனக்கு ஒரு சலூன். யுத்தம் நடந்த காலம். கடைக்குள் யுத்தம் பேசக்கூடாது என்று வைத்திருந்தேன். (பேசினவன் வீட்டுக்குப் போய்விடுவான். கடை எங்கே போகும்?) ஆனால் முடி வெட்டும்போது வாயை மூடிக்கொண்டிருக்க நம் ஆட்களால் முடியாது. அதற்குத்தான் பக்கத்து நெட் கடை நிஸாம் நானா. அக்குறணைக்காரர். இரண்டு தலைப் பாம்பு, சைக்கிள் தின்கிற மனுசன், பூனையைக் கல்யாணம் கட்டின வெள்ளைக்காரி என்று நெட்டில் கிடைப்பதையெல்லாம் பிரிண்ட் எடுத்துத் தருவார். கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவேன். பாம்புக்குப் பசித்தால் எந்தத் தலை சாப்பிடும் என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. நான் எல்லாவற்றையும் நம்பினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அச்சில் வந்தால் உண்மை.

ஒரு நாள் காலை நானா ஓடி வந்தார்.

"தம்பி, ஒங்கட நடிகர் மவுத்தாகிட்டாராம். நெட்ல ஈக்குது."

என் உயிர் நடிகர் செத்துவிட்டாரா? கடையை மூடினேன். வேட்டியைக் கிழித்து வாசல் முழுக்கச் சாவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டினேன். படம் ஒன்று கேட்டேன். நானாவின் பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. முகம் விழவில்லை. மீசை மட்டும் விழுந்தது. அதற்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தினேன்.

வடக்கில் பெரிய சண்டை நடந்த வாரம் அது. பொலிஸ் தேடின இயக்கத்துப் பெரிய ஆளுக்கும் மீசை இருந்தது. (இதெல்லாம் பிறகு யோசித்தது.)

ஜீப் வந்தது. சார்ஜன் இறங்கினார். மீசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மே கவுத?" யார் இது என்கிறார்.

"நடிகர் சேர். செத்துட்டார்."

நம்பவில்லை. நானா தன் கடைக் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினார். திரையில் நடிகர் வந்தார். உயிரோடு. நான் சாகவில்லை என்று சிரித்தார். அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

"அப்போ செத்தது யார்?" என்றார் சார்ஜன்.

"யாருமில்ல சேர்."

"யாரும் சாகாமல் கொடியா? ஏறு ஜீப்பில்."

அந்த நாட்களில் ஏறினவர்கள் எல்லாரும் இறங்கவில்லை. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் என் மனைவி சரசு வந்தாள். மரக்கறிக் கடையில் வேலை. சிங்களத்தில் திட்ட அவளை மிஞ்ச ஆளில்லை. ஜீப்பைப் பார்க்கவில்லை. கொடியைத்தான் பார்த்தாள்.

"இது எங்கப்பா எடுத்துக் குடுத்த கல்யாண வேட்டி. அவர் செத்தன்னைக்கு, பொதைச்சுட்டு வந்து கடையத் தொறந்த மனுசன் இது. யாரோ ஒரு கூத்தாடிக்கு மூடியிருக்கு. கொண்டு போங்க சேர். நல்லா நாலு வைங்க."

சார்ஜன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆத்திரத்தை எந்த நடிகராலும் நடிக்க முடியாது. அவருக்கும் வீடு வாசல் இருந்திருக்க வேண்டும்.

"இறங்கு," என்றார். "உனக்கு வீடே போதும்."

கொடிகளை அவிழ்க்கச் சொன்னார். மீசையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது வருஷா வருஷம் மாமனார் திவசத்துக்குக் கடை மூடுகிறேன். நடிகர் இன்னும் நடிக்கிறார். டிவியில் அவர் பாட்டு வந்தால் சரசு அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள்.

"வாங்க, ஒங்க பொணம் ஆடுது."