108-க்கு ஒரு எலுமிச்சம்பழம்

எங்கள் ஊரில் புது வண்டி எது வந்தாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் விடமாட்டோம். சைக்கிளோ டிராக்டரோ, பேதமே கிடையாது. அந்தச் சட்டத்தை 108 ஆம்புலன்ஸ் மீதும் பாய்ச்சப் பார்த்த ஒரே மகான் நான்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் ஊர் கிள்ளையில் பிரசவ வலி கண்டால் சிதம்பரம் போக ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் மீன் வண்டி. (என் மனைவி செல்வியின் தம்பி மீன் வண்டியிலேயே பிறந்தவன். இன்றுவரை அவனுக்கு ஐஸ் பெட்டி என்றுதான் பேர்.) இப்போது போன் போட்டால் வாசலுக்கே வண்டி, அதுவும் இலவசமாக! செல்விக்கு மாதம் ஏற ஏற, "நாங்க 108-லதான் போவோம்" என்று தெரு முழுக்க அளந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பயமா இருக்கு மாமா. நீ என் கைய வுடாம கூடவே வரணும்."

"உன்ன வுட்டுட்டு எங்கடி போவப் போறேன்?"

ஒருநாள் காலையில் வலி எடுத்தது. போன் போட்டேன். அடடா, அந்த சைரன்! எங்கள் தெருவுக்குள் முதன்முதலாக 108! ஜனம் கூடிவிட்டது. செல்வியை ஏற்றினார்கள், மாமியார் ஏறினார். நான் படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. ஐயையோ, பழம் வைக்கவில்லையே!

"ஒரே நிமிஷம் சார், மொத மொதல்ல எங்க தெருவுக்கு வந்திருக்கு!" என்று டிரைவரிடம் கத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வாடின பழத்தை நீட்டினார். வேண்டாமென்று நல்லதாகப் பொறுக்கினேன். (பொறுக்கினேன்! அங்கே பெண்டாட்டி வலியில் துடிக்கிறாள்!) திரும்பி வந்தால் தெருவில் புழுதிதான் இருந்தது.

"வண்டி போயிடிச்சி மாமா," என்றான் ஐஸ் பெட்டி. "அக்கா உன்னத்தான் கேட்டுகிட்டே போச்சி."

டவுன் பஸ்ஸில் தொற்றி, வழியெல்லாம் சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். செல்வி பேரைச் சொன்னதும் நர்ஸ் என் கையைப் பார்த்தார்.

"என்னா சார், பழம்?"

"வண்டிக்கு..."

"பொண்ணு பொறந்தாச்சி. உள்ள போங்க."

செல்வி என்னைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள்.

"வாங்கிட்டியா?" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து சொந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும், "பழம் வாங்க இவர அனுப்பிடாதீங்க" என்றுதான் பூஜையே ஆரம்பிக்கும். போன மாதம் நாங்களே ஒரு பழைய கார் வாங்கினோம். பழத்தோடு நான் குனிந்ததும் மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ மொதல்ல ஏறி உக்காருப்பா. பழத்த நான் வைக்கிறேன்."

ஏறினேன். ஐஸ் பெட்டி வண்டியைக் கிளப்பினான். செல்வி பின் சீட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தவள், சிதம்பரம் வரும்வரை விடவேயில்லை.