மலையைச் சுத்தி வந்த கோமாரி

அன்னிக்கி எனக்குக் குடுத்த வேலை ரொம்ப சாதாரணம். சைக்கிள்ல ஊர் ஊரா போகணும். மாட்டு வாயைத் திறந்து பாக்கணும். நோட்டுல எழுதணும்.

எண்பதுகளோட ஆரம்பம். மாட்டு டாக்டருக்குப் படிச்சு முடிச்ச சூட்டோட திருவண்ணாமலைக்கு வந்து இறங்கியிருந்தேன். கையில புது நோட்டு, ரெண்டு கலர் பென்சில், ஆபீஸ்ல குடுத்த பழைய சைக்கிள். மாடுங்களுக்கு வர்ற ஒட்டுவாரொட்டி நோய் எந்த ஊர்ல ஆரம்பிக்குது, அடுத்து எங்க போகுது, எது மூலமா போகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் நான் எடுத்துக்கிட்ட ஆராய்ச்சி. சொந்த ஊரு கீழ்பென்னாத்தூர்ல கேட்டவங்களுக்கெல்லாம், "மாட்டு நோய்க்குத் துப்பறியிற வேலை"ன்னு சொல்லி வெச்சிருந்தேன்.

கிரிவலப் பாதையில இருக்கிற அத்தியந்தல்ல ஒருத்தர் வெளியூர்ல இருந்து மாடு வாங்கிட்டு வந்திருந்தாரு. அது வாயில நூல் நூலா எச்சில் ஒழுகுது, கால் குளம்புல புண்ணு. கோமாரி.

எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. வெளிய காட்டிக்கல.

அதுக்கப்புறம் தினமும் காலையில முதல் வேலையா அத்தியந்தல் போவேன். சீக்கு மாட்டு வாயில கைய விட்டு நாக்கைப் பிடிச்சுப் பாப்பேன். கையைக் கைக்குட்டையில துடைச்சுக்குவேன். அங்கிருந்து சைக்கிளை மிதிச்சு அடி அண்ணாமலை. அங்க நல்லா இருக்கிற மாட்டு வாயில கைய விட்டுப் பாப்பேன். அடுத்த வாரம் அப்படியே வேங்கிக்கால் பக்கம்.

நல்ல மாட்டை முதல்ல பாருங்க, சீக்கு மாட்டைக் கடைசியில பாருங்கன்னு காலேஜ்ல படிச்சுப் படிச்சு சொன்னாங்க. ஆனா போற வழியில அத்தியந்தல்தானே முதல்ல வருது.

ஒரு வாரத்துல அடி அண்ணாமலையில கோமாரி வந்துச்சு. அதுக்கு அடுத்த வாரம் வேங்கிக்கால்ல வந்துச்சு.

மேப்பை விரிச்சு சிவப்புப் பென்சில்ல புள்ளி வெச்சேன். புள்ளியெல்லாம் மலையை வலதுகைப் பக்கமா வெச்சு அழகா சுத்தி வருது. எங்க ஆபீஸ் டாக்டர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தாங்க.

"இது என்னய்யா, நோய் கிரிவலம் போயிருக்கு?"

"யாரோ ஒரு ஆளு தூக்கிட்டுப் போறான் மேடம். கண்டுபிடிச்சிடுவேன்."

இதுக்கு நடுவுல ஊர்க்காரங்க என்னைப் பாத்தாலே ஒரு மாதிரி ஆயிட்டாங்க. அடி அண்ணாமலையில அஞ்சலைன்னு ஒரு அம்மா. கோயில் பக்கம் இருக்கிற டீக்கடைங்களுக்குப் பால் ஊத்துறவங்க. முதல் தடவை போனப்ப மோர் குடுத்தாங்க. ரெண்டாவது தடவை படலைத் திறக்கவே இல்ல.

"மாடு மேய போயிருக்கு சார்."

உள்ள இருந்து மாடு கத்துச்சு.

"அது பக்கத்து வீட்டு மாடு சார்."

பக்கத்துல வீடே கிடையாது, புளியமரம்தான் இருந்துச்சு. நான் நோட்டுல, "பொதுமக்கள் ஒத்துழைப்பு கம்மி"ன்னு எழுதிக்கிட்டேன்.

மூணு ஊருக்கும் போய் வர்ற ஆளு யாருன்னு விசாரிச்சேன். எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க. மாட்டுத் தரகர் காதர் பாய். அவரு வாங்காத மாடு இல்ல, நுழையாத மாட்டுக் கொட்டாய் இல்ல. அவ்வளவுதான், எனக்குத் துப்பு கிடைச்சிடுச்சு. மூணு ஊர் பிரசிடென்டுங்களையும் பாத்து, "காதர் பாயை ஊருக்குள்ள விடாதீங்க, அவர்கிட்ட மாடு வாங்காதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். அன்னிக்கி மட்டும் என்னமோ என்னை எல்லாரும் ரொம்ப மரியாதையா வழியனுப்பி வெச்சாங்க.

பத்து நாள் கழிச்சு காதர் பாய் ஆபீசுக்கே வந்தாரு. ஐம்பது வயசு இருக்கும். ரிக்‌ஷாவுல இருந்து ரெண்டு பேர் கைத்தாங்கலா இறக்குனாங்க. வலது கால் முழுக்கக் கட்டு.

"சார், நான்தான் கோமாரியை மூணு ஊருக்கும் கொண்டு போனேன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா பாய். மேப்புல இருக்கு."

"கால்ல முள்ளு குத்தி சீழ் வெச்சு ரெண்டு மாசமா வீட்டுல படுத்துக் கெடக்கேன் சார். ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு, பாருங்க. நீங்க சொன்ன மாதிரி மலையைச் சுத்தி நடந்திருந்தா எனக்கு சந்தோஷம்தான்."

சீட்டைப் பாத்தேன். எழுத்து புரியல, தேதி நல்லாவே புரிஞ்சது.

"பேசி முடிச்ச ஜோடி மாட்டை வேணாம்னுட்டாங்க. பொண்ணு எடுத்த எடத்துல கூட என்ன பாய் இப்படின்னு கேக்குறாங்க. இருபத்தஞ்சு வருஷமா மாடு புடிக்கிறேன் சார். சீக்கு மாட்டைத் தொட்டா குளிக்காம இன்னொரு கொட்டாய்க்குப் போக மாட்டேன்."

அவரு கத்தல. கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் சௌகரியமா இருந்திருக்கும்.

டாக்டர் அம்மா மேப்பை இழுத்து நடுவுல போட்டாங்க. "சரி, பாய் போகல. வேற யாரு இந்த மூணு ஊருக்கும் போனது?"

நான் யோசிச்சேன். தபால்காரர்? அவரு கொட்டாய்க்குள்ள நுழைய மாட்டாரு. சாமியாருங்க? அவங்க மாட்டு வாயில கைய விட மாட்டாங்க.

காதர் பாய் என் கால் பக்கம் பாத்துக்கிட்டே இருந்தாரு. என் கான்வாஸ் ஷூவுல மூணு ஊர் சாணியும் வரிசையா காய்ஞ்சு கெடந்துச்சு.

"தப்பா நெனச்சுக்காதீங்க," ரொம்பத் தணிஞ்ச குரல்ல சொன்னாரு. "சார் போனாரே."

டாக்டர் அம்மா கைய நீட்டுனாங்க. நோட்டைக் குடுத்தேன். நான் எந்தெந்த ஊருக்கு என்னிக்கிப் போனேன்னு அதுல சுத்தமா எழுதியிருக்கு, அந்த விஷயத்துல நான் ஒழுங்கு. அவங்க நீலப் பென்சிலை எடுத்து என் தேதியை ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்துலயும் எழுதுனாங்க. அத்தியந்தலை விட்டுட்டா மத்த ரெண்டு ஊர்லயும் நான் போய் மூணு நாலு நாள்ல மாடு எச்சில் விட ஆரம்பிச்சிருக்கு.

அவங்க நீலப் பென்சிலைக் கீழ வெச்சாங்க.

"ஆராய்ச்சி நல்லா வந்திருக்கு," டாக்டர் அம்மா சொன்னாங்க.

மறுநாள் கிருமி சாகிறதுக்கு சலவை சோடா கரைச்ச பக்கெட்டை கேரியர்ல கட்டிக்கிட்டுக் கிளம்புனேன். மூணு ஊர் பிரசிடென்டுங்ககிட்டயும் போய், காதர் பாய் இல்ல, நான்தான்னு சொன்னேன். முதல் ஆளு சிரிச்சாரு. ரெண்டாவது ஆளு, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு பொண்டாட்டியைக் கூப்பிட்டு நிக்க வெச்சாரு. மூணாவது ஆளு பக்கெட்டை வாங்கி சைக்கிள் டயரை அவரே கழுவுனாரு.

கடைசியா அஞ்சலை வீடு. நான் கைகாலைக் கழுவுறதைப் படலுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க மாடு மூணு வாரமா சரியா தீனி எடுக்காம இருந்து, அன்னிக்கித்தான் வயிறாரக் கஞ்சித்தண்ணி குடிச்சதாம். பால் இன்னும் சரியா வரல.

"என்னாலதான்மா வந்துச்சு."

"தெரியும் சார். நீங்க வந்துட்டுப் போன வீட்டுலதான் வந்துச்சு. ஊருக்கே தெரியும்."

"அப்ப ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நோட்டுல எங்க மேலயே எழுதிக்குவீங்களேன்னுதான்."

ஒரு மாசத்துல மாடுங்க தேறிடுச்சு. காதர் பாயோட ஜோடி மாடும் வித்துப் போச்சு. வாங்குன ஆளை நான்தான் கூட்டிட்டுப் போனேன், கொட்டாய்க்கு வெளிய நின்னுக்கிட்டேன்.

ரிப்போர்ட் எழுத உக்காந்தேன். "நோய் பரவிய விதம்" அப்படின்ற எடத்துல ரொம்ப நேரம் யோசிச்சு, "மனிதர் மூலம்"னு எழுதி மேஜையில வெச்சேன்.

சாயங்காலம் திரும்பி வந்துச்சு. டாக்டர் அம்மா ஒரே ஒரு வார்த்தை சேத்திருந்தாங்க: "படித்த மனிதர் மூலம்."