அம்மாவின் சனிக்கிழமை வெளிச்சமும் அப்பாவின் பழ வாஃபிளும்

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு. செய்தவர் என் அப்பா. இடம், எங்கள் ஊரான நாம்சோஸின் விளையாட்டரங்கு மாடி அறை. சாட்சிகள், ஹேண்ட்பால் சங்கத்தின் ஜனவரிக் கூட்டத்துக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பெற்றோரும்.

ஒன்பது வருடங்களாக என் அம்மா தூருன் அந்த அரங்கின் பலகார மேசைக்குப் பின்னால் நின்று, சனிக்கிழமை தவறாமல் வாஃபிள் வார்த்திருக்கிறார். முதலில் நான் விளையாடினேன் என்பதற்காக. பிறகு என் தங்கை மாரென் விளையாடுகிறாள் என்பதற்காக. சம்பளம் கிடையாது. இதற்கு டுக்னாட் என்று பெயர். ஊருக்காக ஊரே கூடிச் செய்கிற கூலியில்லா வேலை. கூடுவது ஊர். செய்வது அம்மா.

அப்பா அன்று எழுந்து நின்றார். டிசம்பரில் டாக்டர் அவருடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கொழுப்பு கொஞ்சம் அதிகம் என்று சொல்லியிருந்தார். கொஞ்சம்தான். ஆனால் என் அப்பா ஓட்வார் எதையும் கொஞ்சமாக எடுத்துக்கொள்பவர் அல்ல. கிறிஸ்துமஸ் முடிவதற்குள் வீட்டிலிருந்த வெண்ணெயை எல்லாம் பறவைகளுக்கு வைத்துவிட்டார். எங்கள் தோட்டத்துச் சிட்டுக்குருவிகள் பறக்க முடியாமல் நடந்துபோயின.

“நண்பர்களே, நம்ம பிள்ளைங்களுக்கு நாம என்ன குடுக்கறோம்? வெள்ளை மாவு, வெண்ணெய், சர்க்கரை. மேல ஜாம். அதுக்கும் மேல பழுப்புச் சீஸ். ஓடியாடி வர்ற பிள்ளைக்கு இது சாப்பாடா? தூருன் ஊத்துற வாஃபிள் ருசிதான், நான் இல்லைங்கல. ருசியான கெடுதல்! அத இனியும் நம்ம பிள்ளைங்களுக்குக் குடுக்கக் கூடாது.”

கட்டிய மனைவியை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, ஊர் முன்னால்! அம்மா காபிக் கோப்பைக்குள் பார்த்தபடி இருந்தார். உதடுகள் இறுகியிருந்தன. தோள்கள் லேசாகக் குலுங்கின. நான் பார்த்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் அரசியல் அறிவியல் மாணவி. கடைசி வருட ஆய்வுக்கட்டுரையை எழுதுவதற்காகத்தான் வீட்டுக்கு வந்திருந்தேன். தலைப்பு, வீட்டு உழைப்பில் அதிகாரப் பகிர்வு. ஆதாரத்துக்கு நூலகம் போகவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

“நல்ல யோசனை,” என்றார் சங்கத் தலைவி சிஸ்ஸல். “யாரு பொறுப்பு எடுத்துக்கறா?”

இந்தக் கேள்வி வந்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஷூ கயிறு அவிழ்ந்துவிடும். எல்லோரும் குனிந்தார்கள்.

“நானே!” என்றார் அப்பா. “ஓட்ஸ், வாழைப்பழம், ஆப்பிள், புளுபெர்ரி. சர்க்கரை கிடையாது, வெண்ணெய் கிடையாது. ஆரோக்கியமான பழ வாஃபிள்.”

திரும்பும் வழியில் காரை நான் ஓட்டினேன். அப்பா சிஸ்ஸலிடம் ஓட்ஸின் நார்ச்சத்தைப் பற்றி விளக்கப் பின்தங்கிவிட்டார்.

“அம்மா, நீ வாயத் திறக்கலைன்னா அது சம்மதம்னு ஆயிடும்.”

“ரோட்டப் பாரு.”

“ஒன்பது வருஷ உழைப்பு! ஒரு நன்றி உண்டா? இது தனிமனுஷப் பிரச்சினை இல்ல, அமைப்போட பிரச்சினை.”

“அமைப்பு கிடக்கட்டும். முன்னாடி மான் நிக்குது.”

மான் உண்மையிலேயே நின்றது. ஆனால் என் வாதத்துக்கு அது பதில் ஆகாது.

அப்பா நகராட்சியில் குடிநீர்க் குழாய்ப் பொறியாளர். சமையலறைக்குள் அவர் நுழைந்ததும் அது நீரேற்று நிலையம் ஆகிவிட்டது. வாழைப்பழத்தைத் தோலோடு நிறுத்தார், தோலில்லாமல் நிறுத்தார், இரண்டுக்கும் வித்தியாசத்தைச் சொல்லி வியந்தார். முன்கூட்டி ஒரு வாஃபிளாவது வார்த்துப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன்.

“எதுக்கு? கணக்கு சரியா இருந்தா தண்ணி தானா வரும்.”

சனிக்கிழமை தண்ணீர்தான் வந்தது. வாஃபிள் கல்லின் மூடியைத் திறந்தால், வாஃபிளின் மேல்பாதி மூடியோடு போயிற்று, கீழ்ப்பாதி கல்லோடு நின்றது. நடுவில் வாழைப்பழம் ஆவியாகிக்கொண்டிருந்தது. இதய வடிவ அச்சுகளிலிருந்து ஐந்து இதயங்களாக எழவேண்டியது ஒரே காயமாகக் கிடந்தது. அப்பா அதைக் கத்தியால் சுரண்டிக் காகிதத்தட்டில் வைத்து, முதல் ஆளாக நின்ற மாரெனின் கோல்கீப்பர் தோழியிடம் நீட்டினார்.

“ஓட்வார், இது வெந்துடுச்சா, இல்ல இனிமேதானா?” என்றாள் அவள்.

“அது ஈரப்பதம். உள்ள பழம் இருக்குல்ல.”

“வெளிய?”

“வெளியவும் பழம்தான்.”

“ரெண்டு குடு. கோல் கம்பத்துல அப்பினா ஒரு பந்து போகாது.”

வரிசை சிரித்தது. சிரித்த வரிசை கலைந்தது. இடைவேளைக்குள் பிள்ளைகள் எதிரே இருந்த பெட்ரோல் பங்க்கில் சாஸேஜ் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மாரென் மட்டும், சொந்த ரத்தம் என்பதால், ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாம் பாதியில் ஓடாமல் நின்றாள்.

மாலையில் அப்பா மாவு வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாளி நிரம்பியிருந்தது. முகம் காலியாக இருந்தது.

“தூருன்,” என்றார் மெதுவாக. “நான் யோசிச்சேன். அடுத்த வாரம் ஒருவேளை நீயே...”

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

“என்ன பேச்சு இது? ஒரு நாளுல ஓடிப்போறதா? புதுசா வர்ற எந்த நல்லதையும் பாத்து முதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க. நீ விடாதே.”

“அப்படியா சொல்றே?”

“பிள்ளைங்க உடம்பு முக்கியமில்லையா ஓட்வார்?”

அப்பா நிமிர்ந்தார். நான் நொறுங்கினேன். அவமானப்படுத்தியவரை அவமானப்பட்டவரே தேற்றுவது என்றால், நூற்றாண்டுகளாகப் பெண்கள் எதற்காகப் போராடினார்கள்? இதை அம்மாவிடம் உரக்கவே கேட்டேன். உருளைக்கிழங்கை என்னிடம் தள்ளிவிட்டு, “நீ உரி,” என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா மாவைக் கரைத்து வைத்துவிட்டு, வாசலில் பனி தள்ளப் போனார். தண்ணீர் குடிக்க நான் சமையலறைக்குப் போனேன். அம்மா அப்பாவின் வாளிக்குள் உருக்கிய வெண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா!”

“கதவச் சாத்து.”

“அப்பாவோட மாவக் கெடுக்கறியா?” எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“கெடுக்கவா? காப்பாத்தறேன். வாழைப்பழம் சர்க்கரை செய்யற வேலையச் செய்யும். வெண்ணெய் செய்யற வேலையச் செய்யுமா? கொஞ்சமாவது போடாட்டி கல்ல விட்டு வராது. ஓட்ஸ் ராத்திரி முழுக்க ஊறணும், போன வாரம் அவரு காலையில போட்டுக் காலையில ஊத்தினாரு. அந்த ஆப்பிளத் துருவிப் பிழி. நல்லாப் பிழி. முட்டை நாலு எடு.”

பிழிந்தேன். பிழிந்துகொண்டே கேட்டேன்.

“உன்ன ஊர் முன்னால அவமானப்படுத்தினாரே, அவருக்கா இது?”

“அவமானமா?” அம்மா ஏலக்காய்ப் பொடியைத் தூவினார். “வாயத் திறந்தா சிரிச்சிடுவேனோன்னு பயந்து உட்கார்ந்திருந்தேன்டி.”

நான் பிழிந்த ஆப்பிளையே மறுபடி பிழிந்தேன்.

“நாலு தடவ சிஸ்ஸல்கிட்ட என்ன விட்டுடுன்னு கேட்டிருக்கேன். ‘ஆள் கிடைக்கிற வரைக்கும்’னு சொல்லுவா. எவன் கிடைப்பான்? டுக்னாட்ட விட்டு ஓடினவள்னு பேர் வந்தா இந்த ஊர்ல ரொட்டி வாங்கப் போக முடியுமா? மருந்துக்கடையில என் இடம் பின்னறை, சன்னல் கிடையாது. விடியறதுக்கு முன்னாடி உள்ள போறேன், இருட்டினப்புறம் வெளிய வர்றேன். ஞாயிறு உங்களுக்கு. சனிக்கிழமை பகல் ஒண்ணுதான் எனக்கு வெளிச்சம். ஒன்பது குளிர்காலமா அத அந்த ட்யூப்லைட்டுக்குக் கீழ நின்னு ஊத்திட்டிருந்தேன். போன வாரம் பனிச்சறுக்குக் கட்டைய மாட்டிக்கிட்டு ஏரி வரைக்கும் போனேன். தனியா. யாரும் எதுவும் கேக்கல.”

வாசலில் பனி தள்ளும் சத்தம் நின்றது. அம்மா வாளியை மூடினார்.

“இது சரிவராட்டி அவரு விட்டுடுவாரு. விட்டா அந்தக் கல் என்கிட்டதான் வரும். அதனால வெண்ணெயப் பத்தி மூச்சு விடாதே.”

“அப்போ பேர் அவருக்கா? உழைப்பு உனக்கு, புகழ் அவருக்கா?”

“புகழ அவரே வச்சுக்கட்டும். எனக்கு ஏரி போதும்.”

வெண்ணெயைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். நியாயத்தைப் பற்றி ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் மூடி திறந்ததும் ஐந்து இதயங்களும் முழுசாக, பொன்னிறமாக எழுந்தன. அப்பா அவற்றையே பார்த்தபடி நின்றார். தன் கணக்கை அவர் அத்தனை பக்தியோடு பார்த்து நான் பார்த்ததில்லை. அதே கோல்கீப்பர் வந்தாள். கடித்தாள். யோசித்தாள். “இன்னொண்ணு,” என்றாள். வரிசை கதவு வரைக்கும் போயிற்று.

“என்ன மாத்தினீங்க ஓட்வார்?” என்று ஒரு தாய் கேட்டார்.

“ஒண்ணும் மாத்தலியே. பிள்ளைங்க நாக்குதான் மாறியிருக்கு.”

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப்புறச் சரிவில், குறைந்த வெயிலில் அம்மாவின் சிவப்புத் தொப்பி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.

பிப்ரவரி முழுக்க இப்படியே நடந்தது. வெள்ளிதோறும் வெண்ணெய், சனிதோறும் வெற்றி. ‘ஓட்வார் வாஃபிள்’ என்று பெயரே வந்துவிட்டது. பக்கத்து ஊர் அணிகள் ஆட்டத்தில் தோற்றுவிட்டு வாஃபிளுக்காக மறுபடி வந்தன. அப்பா சாப்பாட்டு மேசையில் தன் வெற்றியை விவரித்தார். மறுபடி விவரித்தார். ஒரு நாள் என்னால் முடியவில்லை.

“அப்பா, உனக்கு முன்னாடி அங்க நின்னது யாரு?”

“உங்கம்மா.”

“எத்தன வருஷம்?”

“நிறைய.”

“ஒரு நன்றி சொன்னியா? அவங்க செஞ்சத கெடுதல்னு சொன்னியே, அத எப்பவாவது வாபஸ் வாங்கினியா? நீ நிக்கறது அவங்க போட்ட தரையில!”

அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் அதை உணர்ச்சிவசப்பட்ட நன்றி என்று எடுத்துக்கொண்டு இன்னும் உரக்கப் பேசினேன். அரைமணி நேரம். இரண்டு மேற்கோள்களோடு.

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. “நீ சொல்றது நியாயம்தான்,” என்றார். அவர் கண்ணில் ஏதோ மின்னியது. அதைக் குற்றவுணர்வு என்று நான் நம்பினேன். அது மார்ச் மாதம் என்பதும், சனிக்கிழமை பகலெல்லாம் டிவியில் பனிச்சறுக்குத் தாவல் போட்டி காட்டுவார்கள் என்பதும், இந்தக் குளிர்காலத்தில் அவர் ஒரு தாவலைக்கூடப் பார்க்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. நியாயமும் சௌகரியமும் ஒரே திசையில் போனால் அப்பாவைப்போல் வேகமாக நடப்பவர் யாருமில்லை.

ஆண்டுக்கூட்டம். அதே மாடி அறை, அதே காபி. சிஸ்ஸல் எழுந்தார்.

“பலகார மேசைப் பொறுப்பு. ஓட்வார், ரெண்டு வருஷத்துக்கு. ஆட்சேபணை இருக்கா?”

கைதட்டல். அப்பா எழுந்து, கையைக் காட்டி அதை நிறுத்தினார்.

“ஒரு நிமிஷம் சிஸ்ஸல். இந்த மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்ல. என் மக என் கண்ணத் திறந்துட்டா.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காபிக் கோப்பைக்குள் இறங்கிவிட இடம் தேடினேன். “ஜனவரியில இதே இடத்துல என் மனைவிக்கு நான் அநியாயம் பண்ணினேன். அவ வாஃபிள கெடுதல்னு சொன்னேன். ஒன்பது வருஷம் இந்தப் பிள்ளைங்கள வளத்தது அந்தக் கைதான். அந்த மேசை அவளோடது. எல்லார் முன்னாலயும் அத அவ கையில திருப்பிக் குடுக்கறேன். இதுதான் நியாயம்.”

என் வாய் வார்த்தைகள். ஒவ்வொன்றும் நான் கொடுத்தது. ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிஸ்ஸல் பேனாவைத் திறந்து, ஓட்வார் என்று எழுதியிருந்ததை அடிக்கத் தயாரானார். ஏரி, சரிவு, வெயில், எல்லாமே அந்தப் பேனா முனையில் தொங்கின.

“தூருன்?” என்றார் சிஸ்ஸல். “நீ என்ன சொல்றே?”

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தக் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றார். அப்பாவைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார்.

“நன்றி ஓட்வார். இவ்வளவு பெரிய மனசு யாருக்கும் வராது. ஆனா ஜனவரியில நீ சொன்னத நான் வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னது சரிதான். கெடுதல்னு தெரிஞ்சப்புறம் மறுபடி நான் அந்தக் கரண்டியத் தொட்டா, இந்தப் பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்? சிஸ்ஸல், ரெண்டு வருஷம்னு போட்டிருக்கியே, அத மூணாக்கு.”