தனுஷியா காட்டிய பறவைகள்

மரக்கட்டை கண்ணைத் திறந்தது.

படகின் முன்பக்கத்தில் நின்ற தனுஷியா நீட்டிய கையை மெல்ல இறக்கினாள். கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில், பத்தடி தூரத்தில், படகின் பாதி நீளத்துக்கு ஒரு முதலை.

பின்னால் ஜெர்மன்காரர் நால்வர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகம் பேசாதவர்கள். கழுத்தில் தொலைநோக்கி தொங்கியதால் பறவை பார்க்க வந்தவர்கள் என்று அவளே முடிவு செய்திருந்தாள். வழிகாட்டி வேலையில் அவளுக்கு இது இரண்டாவது மாதம். வரவேண்டிய வழிகாட்டி நிலோஜனுக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

"றுஸ்தி நானா," என்றாள் படகோட்டியிடம், உதடு அசையாமல். "முதலை."

"எங்க புள்ள?"

"சத்தம் போடாதீங்க! இவங்க கண்டா எழும்பி நிப்பாங்க, போட் கவுண்டிரும். பின்னுக்கு எடுங்க."

றுஸ்தி தடியைச் சேற்றில் ஊன்றித் தள்ளினார். படகு பின்னால் வந்தது. தடி சேற்றிலேயே நின்றுவிட்டது.

ஒரு ஜெர்மன்காரர் முதலைப் பக்கம் தலையைத் திருப்பினார். தனுஷியா எதிர்ப்பக்கம் கையை நீட்டி, "மீன்கொத்தி!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அங்கே ஓர் இலைகூட அசையவில்லை. நால்வரும் ஒரே பக்கமாகப் பாய்ந்தார்கள். படகு சரிந்தது. மதியத்துக்கு வைத்திருந்த ஆறு சோற்றுப் பார்சல்களும் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, முதலையை நோக்கி மிதந்து போயின.

முதலை ஒன்றை விழுங்கியது. மிச்சத்தையும் விழுங்கியது. பிறகு, இவை எங்கிருந்து வந்தன என்று யோசிப்பதுபோலப் படகைப் பார்த்தது.

"எஞ்சினப் போடுங்க நானா!"

எஞ்சின் இரண்டு தரம் உறுமியது. யாரோ விரித்திருந்த வலையைச் சுற்றிக்கொண்டு நின்றுபோனது.

"முடிஞ்சிது," என்றார் றுஸ்தி. "இனிக் கையாலதான் வலிக்கணும்."

"தண்ணிக்குள்ள கைய வெக்கிறதா?"

"வேற எத வெக்கிற புள்ள?"

பின்னால் வால் தண்ணீரில் அடித்த சத்தம் கேட்டது. என்ன அது என்று நால்வரில் ஒரு பெண் கேட்டாள்.

"பெரிய மீன்," என்றாள் தனுஷியா. அடுத்த சத்தம் கேட்காமலிருக்க வேண்டுமே! "பாட்டுப் பாடினால் கொக்குகள் கிட்ட வரும். பாடுங்கள்!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மரியாதைக்காகப் பாடினார்கள். மொழி தெரியாத அந்தப் பாட்டை எல்லோரையும்விட உரக்கப் பாடியவள் தனுஷியாதான். ஐஸ் பெட்டி மூடியைத் துடுப்பாக்கித் தண்ணீரை வலித்தாள். கை நனையும் ஒவ்வொரு தரமும் விரல்களை எண்ணிக்கொண்டாள்.

பாட்டுக்குப் பயந்ததோ, வயிறு நிறைந்ததோ, முதலை தண்ணீருக்குள் அமிழ்ந்தது. அது இன்னும் மோசம். இப்போது அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. படகின் அடியில் ஏதாவது உரசுகிறதா என்று கேட்டபடியே வலித்தாள்.

பழுகாமத்துக் கரையில் படகு முட்டியது. நான்கு பேரும் முழுசாக இறங்கினார்கள். முகங்கள்தான் தொங்கிப்போயிருந்தன. கை குலுக்கிவிட்டு வேனை நோக்கி நடந்தார்கள்.

"அப்பாடா! ஒருத்தரும் காணல்ல நானா," என்று மணலில் குந்தினாள். கண்ணீரே வந்துவிட்டது.

வேன் ஓட்டுநர் வினாயகமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"தங்கச்சி, இவங்க சரியான கவலையில இருக்காங்க. முதலை ஆராய்ச்சி செய்யிற ஆக்களாம். மூணு நாளா அலைஞ்சும் ஒண்டுகூடக் கண்ணில படல்லையாம்."